கணக்கைத்தானே கொடுத்தான், பணத்தை எடுக்கவில்லையே?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தைத் தருகிறேன்.

கணவரை இழந்தவர். வீட்டிலேயே துணி தைத்துக் கொடுத்து ஒரே மகனைப் பொறியியல் படிக்க வைக்கிறார். மகனுக்கு வயது 20. விடுதியில் பழக்கமான மூத்த மாணவன் ஒருவன், "உன் வங்கிக் கணக்கைச் சில நாள் பயன்படுத்திக்கொள்கிறோம். புது சிம் ஒன்று வாங்கிக் கணக்கோடு இணைத்து, ஏ.டி.எம். கார்டோடு கொடுத்துவிடு. பத்தாயிரம் ரூபாய் தருகிறேன்" என்று கேட்டிருக்கிறான். மகன் கொடுத்துவிட்டான். 2,000 ரூபாய் கையில் வந்தது. மீதி 8,000 ரூபாய் அந்தக் கணக்கிலிருந்தே தாயின் கணக்குக்கு வந்தது. சிறுசேமிப்புப் பணம் என்று மகன் சொன்னதை நம்பி, அவர் தையல் இயந்திரத்துக்கு மோட்டார் பொருத்திக்கொண்டார்.

சில நாள் கழித்து மகன் பாஸ்புக்கை வங்கியின் அச்சு இயந்திரத்தில் வைத்திருக்கிறான். இரண்டு பக்கம் நிரம்பியது. 6,40,000 ரூபாய் வந்து, 23 நிமிடத்தில் ஒன்பது கணக்குகளுக்குப் பிரிந்து போயிருந்தது. அன்றிரவு 11.42 மணிக்கு அந்த மூத்த மாணவனுக்கு வாட்ஸ்அப்பில், "அண்ணா, இதனால் எனக்கு ஏதாவது பிரச்சினை வருமா?" என்று கேட்டிருக்கிறான். "கேமிங் கம்பெனிப் பணம், பயப்படாதே" என்று பதில் வந்தது. மறுநாள் காலை வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் பேசி கார்டை முடக்கிவிட்டான். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவன் கணக்கு முடங்கியது. அடுத்த வாரம் தாயின் கணக்கும் முடங்கியது. அதில் 31,450 ரூபாய் இருக்கிறது. மகளிர் குழுக் கடன் தவணை அதிலிருந்துதான் போகவேண்டும். இப்போது குஜராத்தில் உள்ள ஒரு சைபர் குற்றக் காவல் நிலையத்திலிருந்து, ஏழு நாளில் நேரில் வரும்படி மகனின் வாட்ஸ்அப்புக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. பணத்தை மகன் தொடவே இல்லை, அப்படியிருக்க இது எப்படிக் குற்றம், குஜராத் போலீசுக்கு இங்கே என்ன அதிகாரம் என்று கேட்கிறார். அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிட்டு மகனைக் கத்தாரில் இருக்கும் தம்பியிடம் அனுப்பிவிடலாமா என்றும் கேட்கிறார். 1,50,000 ரூபாய் கொடுத்தால் வழக்கிலிருந்து பெயரை எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறாராம்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். மகனின் செல்பேசியிலிருந்து ஒரு எழுத்தைக்கூட அழிக்காதீர்கள். கத்தாருக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். அந்த மனிதருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

இது குற்றமா?

நீங்கள் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள்: "கணக்கைத்தானே கொடுத்தான், பணத்தை எடுக்கவில்லையே." உங்கள் மனம் அதைப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த வகை மோசடி நடக்கிற விதத்தைப் பார்த்தால், கணக்குதான் அதன் உயிர்நாடி. தொலைபேசியில் மிரட்டிப் பணம் பறிக்கிறவன் கம்போடியாவிலோ மியான்மர் எல்லையிலோ உட்கார்ந்திருக்கலாம். அவன் முகம் யாருக்கும் தெரியாது. ஆனால் பறித்த பணம் வந்து இறங்க இந்தியாவில் ஒரு கணக்கு வேண்டும். அடுத்தவர் சுமையைச் சுமக்கிற கோவேறு கழுதையைப் போல என்பதால் போலீசார் இதை 'மியூல் கணக்கு' என்கிறார்கள். அந்தக் கும்பலின் சங்கிலியில் முகம், முகவரி, கையெழுத்து மூன்றும் ஒருசேரக் கிடைக்கிற ஆள் கணக்குக்காரர் மட்டுமே. அதனால்தான் போலீசார் முதலில் அவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள்.

பணத்தை இழந்தவர் வசதியானவராகத்தான் இருப்பார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய நோட்டீஸின் இரண்டாம் பக்கத்தைப் படித்தேன். புகார் கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. 'டிஜிட்டல் கைது' என்று பொய் சொல்லி, காணொளி அழைப்பில் இரண்டு நாள் உட்காரவைத்து அவரிடம் பறித்த பணம் அது. அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் எங்குமே கிடையாது. இதே வகையில் ஏமாந்த ஒரு முதியவர் என்னிடம் வந்திருந்தார். கழிவறைக்குப் போகக்கூடக் கேமராவைப் பார்த்து அனுமதி கேட்டதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. உங்கள் மகன் அந்த ஆசிரியையை மிரட்டவில்லை என்பது உண்மை. அவருடைய வாழ்நாள் சேமிப்பு கைமாறிய வாசல் உங்கள் மகனின் கணக்கு என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்து மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 318(4) பிரிவு ஏமாற்றிப் பணம் பெறுவதற்கு ஏழு ஆண்டு வரை தண்டனை விதிக்கிறது. பழைய 420தான் அது. கூட்டுச் சதிக்கு 61ஆம் பிரிவு இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி, கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு மூன்று ஆண்டு வரை விதிக்கிறது. பலரும் கவனிக்காத ஒரு மாற்றம் 317ஆம் பிரிவில் வந்திருக்கிறது. திருட்டுச் சொத்து என்பதன் விளக்கத்தில், ஏமாற்றிப் பெற்ற சொத்தும் இப்போது சேர்க்கப்பட்டுள்ளது. அது திருட்டுச் சொத்து என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ ஒருவர் நேர்மையற்ற முறையில் பெற்றாலோ வைத்துக்கொண்டாலோ மூன்று ஆண்டு வரை சிறை.

111ஆம் பிரிவைப் பற்றி யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். அது அமைப்பு ரீதியான குற்றத்துக்கானது. சைபர் குற்றமும் அதில் அடக்கம். குறைந்தது ஐந்து ஆண்டு, ஆயுள் வரையும் போகலாம். ஆனால் அந்தக் கும்பல் மீது கடந்த பத்து ஆண்டுகளுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகைகள் தாக்கலாகி, நீதிமன்றம் அவற்றை விசாரணைக்கு ஏற்றிருந்தால்தான் அந்தப் பிரிவு நிற்கும். நோட்டீஸில் அது குறிப்பிடப்படவில்லை. இப்போதைக்கு அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லாம் அவனுக்கு என்ன தெரிந்திருந்தது என்பதில்தான்

மேலே சொன்ன பிரிவுகள் எல்லாவற்றிலும் கேள்வி ஒன்றுதான்: கணக்கைக் கொடுத்தபோதும் பணம் வந்த பிறகும் அவன் மனத்தில் என்ன இருந்தது? அரசுத் தரப்பு முதலில் கேட்கப்போவதைச் சொல்லிவிடுகிறேன். நேர்மையான வேலைக்கு எதற்குப் புது சிம்? கணக்கைக் கொடுக்க எதற்குப் பத்தாயிரம்? கிடைத்த பணத்தைப் பற்றி அம்மாவிடம் எதற்குப் பொய்? இவை கடினமான கேள்விகள். "தெரியாது" என்ற ஒரு சொல்லால் இவற்றைக் கடந்துவிட முடியாது.

நீங்கள் அழிக்க நினைக்கும் அந்த 11.42 மணிச் செய்தி இரண்டு பக்கமும் வெட்டும். சந்தேகம் வந்துவிட்டது என்பதற்கு அது சாட்சி. முன்பே தெரிந்திருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டான் என்பதற்கும் அதுவே சாட்சி. 'கேமிங் கம்பெனி' என்று பொய் சொல்லி நம்பவைத்தது யார் என்பதையும் அதுதான் காட்டும். ஒரு வழக்கறிஞராக எனக்கு அந்தச் செய்தி வேண்டும்.

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: மறுநாள் காலை வங்கிக்குப் போன் செய்து கார்டை முடக்கினான் என்று. சகோதரி, நான்கு பக்கக் கடிதத்தில் உங்கள் மகனுக்கு உதவக்கூடிய வரி அதுதான். போலீஸ் வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, யாரும் கேட்காமல், தன் சொந்த எண்ணிலிருந்து அவன் எடுத்த நடவடிக்கை அது. அப்போதே சைபர் குற்றப் புகார் உதவி எண்ணான 1930க்கும் ஒரு அழைப்பு விடுத்திருந்தால் இன்று நிலைமை வேறாக இருந்திருக்கும், அவன் விடுக்கவில்லை. பத்தாயிரத்தைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. இருந்தாலும், முழு மனத்தோடு உடந்தையாக இருந்தவன் கார்டை முடக்க மாட்டான் என்று எந்த நீதிமன்றத்திலும் வாதாடலாம். அதற்கு அந்த அழைப்பு நடந்ததற்கான பதிவு கையில் இருக்கவேண்டும்.

உரையாடலை அழித்தால் இந்த வாதம் போய்விடும். அழித்ததும் மறையாது. மறுமுனையில் இருக்கிறவன் செல்பேசியில் அதே உரையாடல் இருக்கும், அவனைப் பிடிக்கும்போது அது வெளியே வரும். நீதிமன்றத்தில் சாட்சியமாகக் கேட்கப்படக்கூடிய மின்னணுப் பதிவை அழிப்பது 241ஆம் பிரிவின்படி தனிக் குற்றம், மூன்று ஆண்டு வரை தண்டனை. கத்தார் யோசனையில் இன்னொரு அபாயம் உங்களுக்கே இருக்கிறது. குற்றவாளியைத் தண்டனையிலிருந்து காப்பாற்ற ஒளித்துவைப்பதைப் பற்றிய 249ஆம் பிரிவில் கணவன் அல்லது மனைவிக்கு மட்டுமே விலக்கு உண்டு. தாய்க்குக் கிடையாது.

குஜராத் போலீஸ் இங்கே அழைக்கலாமா?

அழைக்கலாம். தொலைபேசி, இணையம் வழியே ஏமாற்றியிருந்தால், செய்தி அனுப்பிய ஊரிலும் வழக்கு நடத்தலாம், செய்தி போய்ச் சேர்ந்த ஊரிலும் நடத்தலாம். குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 202ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆசிரியை வீட்டில் தொலைபேசி ஒலித்த ஊர் குஜராத்தில் இருக்கிறது.

ஆனால் நோட்டீஸ் வந்த வழி சரியில்லை. நேரில் ஆஜராகச் சொல்லும் 35ஆம் பிரிவு நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது முறையாகச் சேர்ப்பித்ததாகாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சதேந்தர் குமார் ஆண்டில் வழக்கில் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் மீண்டும் உறுதிப்படுத்தியது. உங்கள் உறவினர் ஒருவர் இதைப் படித்துவிட்டு "அப்படியானால் போகவே வேண்டாம்" என்றாராம். அந்த ஆலோசனையை ஏற்காதீர்கள். முறையாக வராத நோட்டீஸுக்குப் பதில் தரவில்லை என்பதற்காக மட்டும் கைது செய்வது தவறு என்று வாதாட இந்தத் தீர்ப்பு உதவும். வழக்கு அதனால் மறைந்துவிடாது. 'டிஜிட்டல் கைது' மோசடிகளை விசாரிக்கும் பொறுப்பை 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சி.பி.ஐ.யிடம் கொடுத்து, கணக்குகளுக்கு உடந்தையான வங்கி ஊழியர்களையும் விசாரிக்கச் சொல்லியிருக்கிறது. காத்திருந்தால் ஆறிப்போகும் வழக்கு இதுவல்ல.

நோட்டீஸ் உண்மைதானா என்றும் பார்க்கவேண்டும், போலி நோட்டீஸ் அனுப்பிப் பணம் பறிப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் உள்ள கைப்பேசி எண்ணை நம்பாமல், அந்த மாநிலக் காவல் துறையின் அதிகாரபூர்வ இணையதளத்தில் காவல் நிலைய எண்ணைத் தேடி எடுத்து, முதல் தகவல் அறிக்கை எண்ணைச் சொல்லி உறுதி செய்யுங்கள். அறிக்கையின் நகலைப் பெரும்பாலும் அதே இணையதளத்தில் பதிவிறக்கலாம். பிறகு உங்கள் வழக்கறிஞர் வழியாக விசாரணை அதிகாரிக்குப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் ஒரு கடிதம் போகட்டும்: நோட்டீஸைப் பார்த்தோம், விசாரணைக்கு ஒத்துழைக்கிறோம், தேர்வு இருப்பதால் இன்ன தேதி வேண்டும் என்று. மகனின் தேர்வு அட்டவணையையும் இணைத்துவிடுங்கள்.

அதே நாளில் முன்ஜாமீனுக்கு ஏற்பாடு செய்யுங்கள். வேறு மாநிலத்தில் பதிவான வழக்குக்கும், அங்குள்ள நீதிமன்றத்தை அணுகும்வரை குறுகிய காலப் பாதுகாப்பை இங்குள்ள அமர்வு நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ தரலாம் என்று 2023 நவம்பரில் பிரியா இந்தோரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏழு ஆண்டு வரையிலான குற்றங்களில் தானாகக் கைது செய்யக்கூடாது என்ற அர்னேஷ் குமார் தீர்ப்பும் 2014இலிருந்து இருக்கிறது. நோட்டீஸை மதித்து ஆஜராகிறவரைக் கைது செய்ய வேண்டுமானால் அதிகாரி காரணத்தை எழுதிவைக்க வேண்டும். இவையெல்லாம் கைது நடக்கவே நடக்காது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால்தான் மகனைத் தனியாக ரயில் ஏற்றிவிடாமல், நீதிமன்ற உத்தரவோடும் உடன் ஒரு வழக்கறிஞரோடும் அனுப்பச் சொல்கிறேன்.

அங்கே போனால் புரியாத மொழியில் எழுதிய எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது. போலீசாரிடம் கொடுக்கும் வாக்குமூலத்தில் கையெழுத்துத் தேவையில்லை என்பது சட்டத்திலேயே இருக்கிறது. செல்பேசியைக் கைப்பற்றினால் அதற்கான மகஜர் நகலைக் கேட்டு வாங்கவேண்டும். உங்களையும் சாட்சியாக அழைத்தால் நீங்கள் அங்கே போகவேண்டியதில்லை. பெண்களைச் சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால் அவர்கள் வசிக்கும் இடத்துக்குத்தான் வரவேண்டும்.

உங்கள் கணக்கு

இதில் உங்களுக்கு நல்ல பிடி இருக்கிறது. அந்தக் கணக்கிலிருந்து உங்களுக்கு வந்தது 8,000 ரூபாய். சிக்கியிருப்பது 31,450 ரூபாய். முழுக் கணக்கையும் முடக்கி ஒருவரின் பிழைப்பை நிறுத்தக்கூடாது, சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை இயக்க விடவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் ஒரு வழக்கில் உத்தரவிட்டது. கேரள உயர் நீதிமன்றமும் அதற்கு முந்தைய ஆண்டே இதே வழியில் சொல்லியிருக்கிறது.

வங்கி மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்தக் காவல் நிலையம், தேசிய சைபர் குற்றப் புகார் எண் என்ன, எவ்வளவு தொகைக்காக முடக்கம்? இந்த மூன்றும் இல்லாமல் யாராலும் உங்களுக்கு உதவ முடியாது. பிறகு 8,000 ரூபாயை நிறுத்திவைத்துக்கொள்ள உங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று குறிப்பிட்டு, மீதியை விடுவிக்கும்படி விசாரணை அதிகாரிக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் நீதித்துறை நடுவரிடமோ உயர் நீதிமன்றத்திலோ மனு போடலாம். தவணைக்கு அவகாசம் கேட்டு மகளிர் குழுவுக்கும் வங்கியின் முடக்கக் கடித நகலைக் கொடுங்கள். நீங்கள் வெட்கப்பட்டு மறைக்க இதில் ஒன்றுமில்லை.

அந்த 8,000 உங்கள் உழைப்பில் வந்ததல்ல என்று இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. இனி அதை உங்கள் பணமாக நினைக்காதீர்கள். மகன் கையில் வாங்கிய 2,000த்தையும் சேர்த்து நீதிமன்றத்தில் செலுத்த முன்வருவது முன்ஜாமீன் மனுவில் நல்ல எடையைத் தரும். ஆசிரியையைத் தேடிப்பிடித்து நேரில் பேசவோ பணம் அனுப்பவோ வேண்டாம். சாட்சியைக் கலைக்கப் பார்த்ததாக ஆகிவிடும். 318(4) குற்றத்தை நீதிமன்ற அனுமதியோடு சமரசமாக முடிக்க வழி உண்டு. காலம் வரும்போது அதை வழக்கறிஞர்கள் மூலமாகச் செய்யலாம்.

பெயரை எடுத்துத் தருவதாகச் சொல்கிறவர்

பதிவான முதல் தகவல் அறிக்கையிலிருந்து யாரும் பணம் வாங்கிக்கொண்டு பெயரை எடுக்க முடியாது. விசாரணை முடிந்து, இவருக்கு எதிராகச் சாட்சியம் இல்லை என்று அதிகாரி அறிக்கை தரலாம். அல்லது உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்யலாம். குஜராத் வழக்குக்கு அது குஜராத் உயர் நீதிமன்றம். வேறு வழி இல்லை. அவர் கேட்கும் 1,50,000 ரூபாய்க்கு நீங்கள் இயந்திரத்தையும் நகையையும் விற்கவேண்டியிருக்கும். பிறகு இன்னும் கேட்பார். அந்தத் தொகையில் ஒரு பகுதியே முன்ஜாமீனுக்கும் பயணத்துக்கும் போதும். வசதி இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக் குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 எண்ணில் பேசுங்கள். பெண் என்ற முறையில் உங்கள் கணக்கு தொடர்பான மனுவுக்கு, வருமானம் எவ்வளவு என்றாலும் உங்களுக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. மகனுக்கு வருமான வரம்பைப் பார்ப்பார்கள்.

மூத்த மாணவன் மீது உடனே புகார் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். விடுதியில் வேறு பிள்ளைகளும் அவனிடம் கார்டைக் கொடுத்திருக்கக்கூடும். ஆனால் பத்தாயிரத்தை மறைத்து, "என்னை ஏமாற்றிவிட்டார்கள்" என்று பாதி உண்மையோடு எழுதினால் அந்தக் காகிதமே நாளை உங்கள் மகனுக்கு எதிராக நிற்கும். வழக்கறிஞரிடம் முதலில் முழுவதையும் சொல்லட்டும், நீங்கள் அறைக்கு வெளியே இருங்கள். தாயின் எதிரில் பிள்ளைகள் சில விஷயங்களைச் சொல்வதில்லை. புகார் அதன் பிறகு உங்கள் மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்துக்குப் போகட்டும்.

அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் இந்த வாரம் அவன் அறையில் தனியாக இருக்கவேண்டாம். இதே நிலையில் இருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வழக்கைவிட வீட்டின் மௌனத்தைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, நடந்ததைத் தேதி வாரியாக ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அவன் எழுதும்போது நீங்கள் குறுக்கே பேசாதீர்கள்.

திங்கட்கிழமை வங்கிக்குப் போகும்போது அவனையும் அழைத்துச் செல்லுங்கள். அன்று காலை அவன் வாடிக்கையாளர் சேவைக்குப் பேசிய நாள், நேரம், கோரிக்கைப் பதிவு எண், கார்டு முடங்கிய நேரம் ஆகியவற்றை வங்கி முத்திரையோடு எழுத்தில் தரும்படி கேட்டு ஒரு மனு கொடுங்கள். அழைப்பின் ஒலிப்பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படியும் அதே மனுவில் ஒரு வரி சேருங்கள், வங்கிகள் அவற்றைக் காலமெல்லாம் வைத்திருப்பதில்லை. மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு, அங்கிருந்து நேராக வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போங்கள்.